நீரின் நலத்துக்குப் பறவைகள் சாட்சி

நீரின் தூய்மையை அளக்க இன்று நம்மிடம் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. நீரில் கரைந்திருக்கும் உயிர்வளி எவ்வளவு, கலந்திருக்கும் கழிவு எவ்வளவு, உலோக நஞ்சு உண்டா இல்லையா என்பனவற்றையெல்லாம் கருவிகள் எண்ணால் உரைத்துவிடுகின்றன. இவற்றின் பயனை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும், கருவி கூறுவது குடுவையில் நீர் முகந்த அந்த நேரத்தின் நிலையை மட்டுமே. சென்ற கோடையில் சேற்றுக்குள் வாழ்ந்த புழுக்களும் நத்தைகளும் என்னவாயின என்பதை இன்று காலை முகந்த ஒரு குடுவை நீர் நமக்குச் சொல்லாது. அந்நீரிலேயே பல திங்கள் தங்கி, அதன் மீனையும் புழுவையும் பூண்டையும் உண்டு வாழும் பறவை சொல்லும்.

அப்பறவை சொல்வதைக் கேட்டு எழுதி வைத்தவர்கள் யார்? பெரும்பாலும் அவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். ஆசிரியர்கள், எழுத்தர்கள், மருத்துவர்கள், மாணவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் ஆகியோரே விடுமுறை நாட்களில், கூலி ஏதுமின்றி, நீர்க்கரைகளில் நின்று எண்ணினார்கள். நகரங்களின் நீர்நிலைகளைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி அவர்கள் தந்த கொடையே. அந்த எண்ணிக்கையின் வரலாற்றையும், அது எதைச் சாதித்தது, எதைச் சாதிக்க இயலவில்லை என்பதையும் இங்கே நோக்குவோம்.

பறவைக்கும் நீருக்கும் உள்ள உறவை அறிய நம் முன்னோர் எந்த நூலையும் நாடவில்லை. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கல் ஏரியே இதற்குச் சான்று. ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து, அந்நீர் பாயும் வயல்களுக்கு உரமாவதை அவ்வூர் மக்கள் அறிந்திருந்தனர். எனவேதான் பறவைகளைச் சுடுவோரைத் தடுக்குமாறு அவர்கள் அன்றைய அரசை வேண்டினர். 1798ஆம் ஆண்டில், செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் காலத்தில், அவர்களுக்கு அவ்வுரிமை எழுத்து வடிவில் கிடைத்தது. பறவை நலமாயிருந்தால் ஏரி நலமாயிருக்கும், ஏரி நலமாயிருந்தால் ஊர் நலமாயிருக்கும் என்ற அறிவு அந்த உழவர்களிடம் இருந்தது. அவர்களிடம் இல்லாதது ஒன்றே: ஆண்டுதோறும் எண்ணி எழுதி வைக்கும் வழக்கம்.

துப்பாக்கி ஏந்திய கை எழுதுகோல் ஏந்தியது

அவ்வழக்கம் பெருவாரியாகத் தொடங்கியது அமெரிக்காவில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கிறிஸ்துமஸ் நாளன்று ஒரு விளையாட்டு நடைபெற்று வந்தது. இளைஞர்கள் இரு அணிகளாகப் பிரிந்து, துப்பாக்கியுடன் காட்டுக்குச் செல்வார்கள். கண்ணில் பட்ட பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்துவார்கள். எந்த அணி அதிகம் கொன்று குவித்ததோ அந்த அணி வென்றதாகும்.

நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பறவையியல் அறிஞர் ஃபிராங்க் சாப்மன் இதற்கு ஒரு மாற்றைச் சொன்னார். அவ்விளையாட்டைக் கண்டித்துக் கட்டுரை எழுதுவதோடு அவர் நின்றுவிடவில்லை. அதே நாளில், அதே ஆர்வத்தோடு, சுடாமல் எண்ணுங்கள் என்று தம் இதழின் வழியாக அழைப்பு விடுத்தார். 1900ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், 25 இடங்களில், 27 பேர் அந்த அழைப்பை ஏற்றார்கள். ஏறத்தாழ 90 பறவையினங்களை அவர்கள் பட்டியலிட்டனர். அன்று தொடங்கிய கணக்கு இன்றளவும் ஆண்டுதோறும் தொடர்கிறது; பல்லாயிரம் பேர் அதில் பங்கு பெறுகின்றனர்.

இந்த 27 பேரின் செயலில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவ்வாண்டு அவர்கள் எழுதிய பட்டியலால் அப்போது எவருக்கும் பெரும்பயன் இல்லை. ஊர்க் கணக்கர் எழுதும் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் தனியொரு வரிக்கு என்ன பொருள்? ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சி அல்லது துயரம், அவ்வளவே. அதே பதிவேட்டை நூறாண்டுகளுக்குச் சேர்த்துப் படிப்பவருக்கோ பஞ்சம் வந்த ஆண்டும், வாந்திபேதி பரவிய ஆண்டும், ஊர் பெயர்ந்துபோன ஆண்டும் தெளிவாகப் புலப்படும். பறவைக் கணக்கும் அத்தகையதே. அதன் மதிப்பு எழுதியவரின் காலத்துக்குப் பின்னரே பெரிதும் வெளிப்படுகிறது.

இறந்ததாக அறிவிக்கப்பட்ட ஆறு

பறவைக் கணக்கு ஒரு நகர ஆற்றின் வாழ்வையும் சாவையும் எவ்வாறு காட்டக்கூடும் என்பதற்கு இலண்டன் மாநகரின் தேம்ஸ் ஆற்றைப் போன்ற எடுத்துக்காட்டு அரிது.

1858ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வாற்றின் துர்நாற்றம் தாங்க இயலாததாயிற்று. கரையிலிருந்த பாராளுமன்றத்தின் சன்னல்களில் சுண்ணாம்பு தோய்த்த திரைகளைத் தொங்கவிட்டும் உறுப்பினர்கள் அமர்ந்திருக்க முடியவில்லை. தங்கள் மூக்குக்கே தீங்கு வந்த பின்னர் அவர்கள் விரைந்து சட்டம் இயற்றினர். ஜோசஃப் பசல்கெட் என்ற பொறியாளர் பெருஞ்சாக்கடைகளை அமைத்து, நகரின் கழிவைக் கிழக்கே பல கல் தொலைவுக்கு அப்பால் பெக்டன், கிராஸ்னஸ் என்னும் இரு இடங்களில் ஆற்றில் விழச் செய்தார். நகருக்குள் காலரா அடங்கியது. ஆனால் ஆறு பிழைக்கவில்லை. கழிவு இடம் மாறியதேயன்றி நீங்கிவிடவில்லை. 1878இல் அப்பகுதியில் ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்ற பயணக் கப்பல் மோதி மூழ்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் விழுந்தது சற்று முன்னர்தான் சாக்கடை திறந்துவிடப்பட்ட நீரில் என்பதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலை இன்னும் மோசமாயிற்று. 1950களில் கோடைக்காலங்களில் ஆற்றின் பல கல் நீளத்துக்கு நீரில் உயிர்வளியே இல்லை. 1957இல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் செய்த ஆய்வில், நகரை ஒட்டிய நெடும்பரப்பில் விலாங்கு தவிர நிலையாக வாழும் மீன் எதுவும் இல்லை எனத் தெரியவந்தது. தேம்ஸ் உயிரற்ற ஆறு என்றே பேசப்பட்டது. அதன் பின்னரே அறிஞர் குழுவின் பரிந்துரைகளும், பெருஞ்செலவில் கிராஸ்னஸ், பெக்டன் சுத்திகரிப்பு நிலையங்களின் புதுப்பிப்பும் வந்தன. 1960களிலும் 1970களிலும் இப்பணிகள் நடைபெற்றன.

ஆறு தேறுகிறதா என்பதை எப்படி அறிவது? அனல்மின் நிலையங்கள் ஆற்றுநீரை உறிஞ்சும் இடத்தில் சல்லடைகளில் சிக்கிய மீன்களை அருங்காட்சியகத்தின் மீனியல் அறிஞர்கள் சேகரித்து எண்ணினார்கள். மறுபுறம், பறவை ஆர்வலர்கள் கரையில் நின்றார்கள். இங்கிலாந்தில் நீர்ப்பறவைகளைத் திங்கள்தோறும் எண்ணும் தேசியக் கணக்கெடுப்பு 1940களின் இறுதியிலேயே தொடங்கியிருந்தது. 1969 முதல் கழிமுகங்களுக்கென்றே தனிக் கணக்கெடுப்பும் நடந்தது. கப்பல்துறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே, பனியும் குளிர்காற்றும் அடிக்கும் சேற்றுக் கரைகளில், சாதாரண மனிதர்கள் தொலைநோக்கியுடன் நின்றனர்.

1960களின் இறுதியில் அவர்களுடைய ஏடுகளில் ஒரு மாற்றம் தென்பட்டது. நீரில் சிறிதளவு உயிர்வளி திரும்பியதும் சேற்றில் நூல்போன்ற செம்புழுக்கள் பெருகின. புழுக்களைத் தேடி வாத்துகள் வந்தன. செந்தலையுடைய முக்குளி வாத்துகளும், ஊசிவால் வாத்துகளும், சேற்றில் அலகு நுழைத்து இரை தேடும் சிறு உள்ளான்களும் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் இறங்கின. பல தலைமுறைகளாக எவரும் பறவை தேடிப் போகாத ஆற்றுப்பகுதி அது. 1974ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு மின்நிலையத்தின் சல்லடையில் சால்மன் மீன் ஒன்று கிடைத்தது. ஜெஃப்ரி ஹாரிசன், பீட்டர் கிராண்ட் ஆகிய இருவர் இந்தப் பறவைக் கணக்குகளைத் தொகுத்து, 1976இல் தேம்ஸின் மாற்றத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினர். இறந்துவிட்டதாகக் கைவிடப்பட்ட ஆறும் மீளக்கூடும் என்பதற்கு அந்நூல் உலகுக்கு ஒரு சான்றாயிற்று.

மீட்சி அத்துடன் நிறைவடைந்துவிடவில்லை. பெருமழை பெய்யும்போதெல்லாம் பழைய சாக்கடைகள் நிரம்பிக் கழிவு ஆற்றில் வழிந்துகொண்டே இருந்தது. அதைத் தடுக்க 25 கிலோமீட்டர் நீளப் புதிய சுரங்கச் சாக்கடை கட்டி முடிக்கப்பட்டு, முழுமையாக இணைக்கப்பட்டது 2025இல்தான். ஓர் ஆற்றைக் கெடுப்பது எளிது. மீட்பது பல தலைமுறைகளின் வேலை.

மிகுதி என்பது நலமா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பறவைகள் மிகுந்தால் நீர் தூய்மை, குறைந்தால் நீர் கேடு என்று நாம் முடிவு செய்துவிடலாமா? அவ்வாறு செய்வது பெரும்பிழையாகும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தார் இதனைக் கண்கூடாகக் கண்டனர்.

அந்நகரின் கடற்கரையில் சாக்கடைகள் நேரே கடலில் விழுந்துகொண்டிருந்தன. சாராய ஆலைகளும் மது வடிப்பகங்களும் கழித்த தானியமும் அதில் கலந்து வந்தது. அந்த உணவை நாடி 1960களின் இறுதியில் ‘ஸ்காப்’ என்னும் கடல்வாத்துகள் இருபதாயிரத்துக்கும் மேலாக அங்கே குளிர்காலத்தைக் கழித்தன. பறவை ஆர்வலருக்கு அது கண்கொள்ளாக் காட்சி. 1978இல் சீஃபீல்டு என்ற இடத்தில் சுத்திகரிப்பு நிலையம் செயல்படத் தொடங்கியது. கடல் தூய்மையாயிற்று. வாத்துகளோ சில ஆண்டுகளில் ஏறக்குறைய முற்றிலும் மறைந்துவிட்டன. எண்ணிக்கை குறைந்தது கேட்டினால் அன்று, தூய்மையினால்.

நம் நகரங்களிலும் இதை ஒத்த நிலை உண்டு. சாக்கடை தேங்கும் குட்டைகளில் நெடுங்கால் உள்ளான்கள் கூட்டங்கூட்டமாக மேய்வதை நாம் காண்கிறோம். குப்பை மேட்டின்மேல் பருந்துகளும் காக்கைகளும் உண்ணிக்கொக்குகளும் மொய்க்கின்றன. அவற்றை எண்ணினால் எண்ணிக்கை பெரிதாகவே வரும். ஆனால் முக்குளிப்பானும் நீர்க்காகமும் இருந்தால்தான் அங்கே மூழ்கி மீன் பிடிக்கத்தக்க தெளிந்த நீர் உண்டு என்று பொருள். இலைக்கோழி இருந்தால் அல்லியும் தாமரையும் உண்டு. பல வகை உள்ளான்கள் இருந்தால் சேற்றில் பல வகை உயிர்கள் உண்டு. ஆகவே, எத்தனை பறவைகள் என்று மட்டும் கேட்பது போதாது. எந்தெந்தப் பறவைகள், அவை எதை உண்கின்றன, முன்பு இருந்தவற்றுள் எவை இப்போது இல்லை என்றும் கேட்க வேண்டும்.

மழையையும் நாம் மறந்துவிடலாகாது. பருவமழை நன்கு பெய்த ஆண்டில் ஊரூராய் ஏரிகள் நிரம்பி, பறவைகள் எங்கும் பரவிவிடும். நகர ஏரியில் எண்ணிக்கை குறையும். நீர் ஆழமாக நிற்பதால் சேற்றில் மேயும் பறவைகளும் விலகிச் செல்லும். வறண்ட ஆண்டில் எஞ்சிய ஒரே ஏரியில் எல்லாம் வந்து கூடும். ஓர் ஆண்டுக் கணக்கை வைத்து மகிழ்பவரும் அழுபவரும் ஒருசேர ஏமாந்துபோவர். எனவேதான் இக்கணக்கு பல இடங்களில் ஒரே காலத்தில் எடுக்கப்பட வேண்டும். பல ஆண்டுகள் விடாமலும் எடுக்கப்பட வேண்டும்.

எண்ணிக்கை சட்டமான வரலாறு

இத்தகைய ஒருங்கிணைந்த கணக்கு 1967இல் பன்னாட்டு அளவில் தொடங்கியது. வடக்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துத் தெற்கே குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைக்கு நாட்டெல்லை ஏது? ஒரு நாடு காத்து மற்றொரு நாடு அழித்தால் பயனில்லை. இவ்வுணர்வு கனிந்து, 1971 பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் சதுப்பு நிலங்களுக்கான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியாவில் அது 1982இல் நடைமுறைக்கு வந்தது.

அவ்வுடன்படிக்கையின்படி ஒரு நீர்நிலை உலகச் சிறப்புடையது என ஏற்கப்படுவதற்குப் பின்னர் வகுக்கப்பட்ட அளவுகோல்களுள் இரண்டு நம் கவனத்துக்குரியவை. அங்கே வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் தங்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு பறவையினத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு அங்கே இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றை மெய்ப்பிக்க எவரேனும் எண்ணியிருக்க வேண்டுமன்றோ? கரையில் நின்றவர் தம் ஏட்டில் எழுதிய எண், இவ்வாறு அரசுகளைக் கட்டுப்படுத்தும் ஆவணத்தின் பகுதியாயிற்று.

1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறுகிறது. தமிழகத்தில் இதற்கு ஓரளவு நிலம் பண்பட்டிருந்தது. 1978இல் தொடங்கப்பட்ட சென்னை இயற்கை ஆர்வலர் கழகத்தினர் அடையாற்றின் கழிமுகத்திலும் பிற இடங்களிலும் பறவைகளைக் கண்டு குறித்து வந்தனர். 2011 முதல் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் மாணவரும் ஊராரும் கூடி எண்ணுகின்றனர். 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, தமிழரின் திருநாளையே எண்ணும் நாளாக்கிற்று. அண்மை ஆண்டுகளில் வனத்துறையும் தன்னார்வலரின் துணையோடு மாநிலமெங்கும் ஒரே நாட்களில் கணக்கெடுத்து வருகிறது.

முறை எளியது. விடியற்காலையில் குறித்த இடத்துக்குச் செல்ல வேண்டும். வழிகாட்டி ஒருவரும் எழுதுவோர் ஒருவரும் உடன் இருப்பது நலம். சிறு கூட்டமாயின் ஒவ்வொன்றாக எண்ணலாம். பெருங்கூட்டமாயின் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அதே அளவு கூட்டத்தில் எத்தனை உண்டு எனக் கணிக்க வேண்டும். பறவையோடு நீரின் நிலையையும் எழுத வேண்டும்: குப்பை கொட்டப்படுகிறதா, கழிவு கலக்கிறதா, ஆகாயத்தாமரை மூடியிருக்கிறதா, கரை ஆக்கிரமிக்கப்பட்டுள்ளதா என்பன. யாவற்றிலும் கடினமானது பறவையே இல்லாத நாளில் ‘ஒன்றுமில்லை’ என்று உண்மையாக எழுதிவிட்டு, அடுத்த ஆண்டும் அதே கரைக்குச் செல்வதுதான். வெறுங்கரையைப் பற்றி எழுதப்பட்ட அந்தச் சுழியமும் ஒரு சாட்சியே.

பள்ளிக்கரணை சொல்லும் பாடம்

தேம்ஸின் வரலாறு மீட்சியின் வரலாறு. நம் தலைநகரின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமோ இழப்பின் வரலாறு. கழுவெளி என்று மக்கள் அழைத்த அந்நிலம் தென்சென்னையின் பல ஏரிகள் வழிந்துவிடும் நீரையெல்லாம் தன்னுள் வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாக மெல்லக் கடலை நோக்கி விடுவது. 1960களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரவியிருந்ததாகக் கணிக்கப்படும் இச்சதுப்பு, இருபதாம் நூற்றாண்டின் முடிவுக்குள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. தரிசு என்று அரசேடுகளில் எழுதப்பட்டதே அதற்கு நேர்ந்த முதல் தீங்கு. தரிசு என்றால் எவரும் எதையும் செய்யலாம் அல்லவா? குடியிருப்புகள் எழுந்தன, கல்வி நிறுவனங்களும் ஆய்வு நிலையங்களும் அலுவலகங்களும் எழுந்தன, இருப்புப்பாதை வந்தது, சதுப்பை ஊடறுத்து நெடுஞ்சாலை ஒன்று போடப்பட்டது. 1980களிலிருந்து மாநகரின் குப்பை பெருங்குடியில் மலையாகக் குவிந்தது. கழிவுநீரும் அங்கேயே விடப்பட்டது.

அந்தப் புகைக்கும் நாற்றத்துக்கும் நடுவே பறவை ஆர்வலர் சிலர் விடாமல் சென்று வந்தனர். குப்பை எரியும் புகையின் மறுபுறத்தில் பூநாரைகள் நிற்பதையும், நீலத் தாழைக்கோழிகள் நாணலில் உலவுவதையும், நீளவால் இலைக்கோழி குஞ்சு பொரிப்பதையும், வடபுலத்திலிருந்து ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் வருவதையும் அவர்கள் ஏட்டில் எழுதினர். நூற்றுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்கே பதிவாயின. ‘தரிசு’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு அந்தப் பட்டியலே மறுப்பாக அமைந்தது. 2000களின் தொடக்கத்தில் கேர் எர்த் அமைப்பினர் செய்த ஆய்வும், குடியிருப்போர் சங்கங்களின் குரலும், நீதிமன்ற வழக்குகளும் இதனோடு சேர்ந்தன. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சார் நிலமாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் வேடந்தாங்கலும் அப்பட்டியலில் இடம்பெற்றது என்பதை நாம் நிறைவோடு நினைவுகூரலாம்.

எனினும், காக்கப்பட்டதைக் காட்டிலும் இழந்தது பெரிது. 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, வேளச்சேரியிலும் சுற்றுப்புறங்களிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. தங்குவதற்குரிய இடம் பறிக்கப்பட்ட நீர் வேறெங்கே செல்லும்? சதுப்பு சுருங்குகிறது, அதன் உயிர்கள் அருகுகின்றன என்று பறவைக் கணக்கர்கள் எழுதியபோது, பறவைக்காகப் பரிந்து பேசுவோர் என்றே நாம் அவர்களை எண்ணினோம். அவர்கள் பேசியது நம் வீட்டு வாசலைப் பற்றியது என்பது பின்னரே நமக்குப் புரிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது வடசென்னையில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. உடலெங்கும் எண்ணெய் படிந்து பறக்க மாட்டாமல் நின்ற கூழைக்கடாக்களின் படங்களை நாடே பார்த்தது. அதே எண்ணெய் மீனவரின் வலைகளிலும் படகுகளிலும் வீட்டுச் சுவர்களிலும் படிந்திருந்தது.

எண்ணுவதால் என்ன பயன்?

எண்ணிக்கொண்டிருப்பதால் எதுவும் காக்கப்பட்டுவிடுமா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது மருந்தாகாது. தேம்ஸ் மீண்டது கரையில் நின்று எண்ணியவர்களால் அன்று. சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மக்கள் வரிப்பணத்தைச் செலவிட்ட அரசினாலும், அதை வற்புறுத்திய சட்டத்தாலுமே. கணக்கை மட்டும் எழுதிக்கொண்டு செயலை விட்டுவிட்டால், அது அழிவின் நாட்குறிப்பாகவே முடியும். இதை எண்ணுவோரே நன்கு அறிவர்.

ஆனால் எண்ணாமல் விட்டால் நேர்வது யாது? 1995இல் டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தம் இளமையில் கண்ட நிலையையே இயல்பு நிலை என்று கொள்கின்றனர்; அதற்கு முன் இழந்ததை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை; இவ்வாறு அளவுகோலே தலைமுறைதோறும் தாழ்ந்துகொண்டு போகிறது என்றார். அவர் சொன்னது மீன்களைப் பற்றி. நமக்கும் அது எவ்வளவு பொருந்துகிறது! கூவத்தில் நீராடிய தலைமுறை மறைந்துவிட்டது. கருநிறச் சாக்கடையாகவே அதைக் கண்டு வளரும் குழந்தைக்கு, ஆறு என்றால் கருநிறமே. பள்ளிக்கரணையில் 1960களில் எத்தனை வாத்துகள் இறங்கின என்று முறையாக எண்ணி வைத்த ஏடு இருந்திருந்தால், ‘தரிசு’ என்று எழுதிய எழுதுகோல் சற்றே தயங்கியிருக்கும்.

இழப்பிலும் கொடியது, இழந்தோம் என்பதையே அறியாதிருத்தல். அந்த மறதியைத் தடுப்பதே கணக்கின் பணி. பின்வரும் தலைமுறை நம்மைப் பார்த்து, ‘இந்த ஏரி எப்போதும் இப்படித்தான் இருந்ததா?’ என்று கேட்கும்போது, ‘இல்லை, இதோ பாருங்கள்’ என்று எடுத்துக்காட்ட ஓர் ஏடு வேண்டும். ஆறு மீளத் தொடங்கினாலும் அந்த ஏடு வேண்டும். இல்லையேல், கேட்டைப் போலவே மீட்சியும் எவர் கண்ணிலும் படாமல் போகும்.

இந்த ஏட்டை எழுதப் பட்டம் வேண்டியதில்லை, பெருஞ்செல்வமும் வேண்டியதில்லை. ஒரு தொலைநோக்கியும், தமிழில் இன்று கிடைக்கும் பறவைக் கையேடு ஒன்றும், விடியலில் எழும் பழக்கமும், காணாததைக் கண்டதாக எழுதாத நேர்மையும் போதும். நம் ஊர் ஏரிக்கும் குளத்துக்கும் ஆற்றுக்கும் அத்தகைய கணக்கர் நால்வரேனும் இருக்கின்றனரா என்று ஒவ்வோர் ஊராரும் தம்மைத் தாமே கேட்டுப் பார்ப்பது நலம். சனவரித் திங்கள்தோறும் வடபுலத்துப் பறவைகள் நம் நீர்நிலைகளின் மேல் வட்டமிட்டு, இறங்கலாமா வேண்டாமா என்று பார்க்கின்றன. அவை எடுக்கும் முடிவை எழுதி வைப்போர் கரையில் இருக்க வேண்டும். அந்த முடிவுக்கு விடையளிக்கும் கடமையோ நம் அனைவருடையதும் ஆகும்.